புகழுடையார் சாவும் நம் நாவும்

மாந்தர் கூடும் இடமெல்லாம் பேச்சு உண்டு. பேச்சு உள்ள இடமெல்லாம் இறந்தாரைப் பற்றிய பேச்சும் உண்டு. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் மாலைப்பொழுதில் ஒன்றுகூடி உரையாடுதல் குற்றமன்று. அது வாழ்வுக்கு உப்புப் போன்றது. ஆயினும் உப்பிற்கும் ஓர் அளவு உண்டன்றோ? திருவள்ளுவப் பெருந்தகை 'புறங்கூறாமை' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'பயனில சொல்லாமை' என்னும் அதிகாரத்தை வைத்துள்ளார். இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கும் நுட்பம் எண்ணத்தக்கது. பயனற்ற பேச்சு வளரும் இடத்தில், எதிரில் இல்லாதவரைப் பழிக்கும் பேச்சும் எளிதில் வந்து புகும். எதிரில் இல்லாதவரைப் பழிப்பதே புறங்கூறல் எனின், இறந்தவரினும் இல்லாதவர் யார்? திரும்பி வந்து மறுமொழி கூற இயலாதவர் அவர். ஆகவே, புகழுடையார் ஒருவர் மறைந்தவுடன் நாம் நடத்தும் வாதங்கள் அறத்தின்பாற்பட்டவையா என்னும் வினாவை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

நம் முதலமடை, பாலக்காட்டிற்கும் பொள்ளாச்சிக்கும் இடையே நெல்லியாம்பதி மலையடிவாரத்தை ஒட்டி அமைந்தது. மாம்பழத்தால் பெயர் பெற்றது. தோப்புகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல. வீதியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்வோர் நம் பிள்ளைகள். கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைக் கடந்தால் தமிழ்நாடுதான்; எனினும் அந்நாட்டை நாம் நாள்தோறும் காண்பது திரையில்தான். அதனால் நம்மவர் கூடிப் பேசும்போது திரைப்படமே முதற்பொருளாகிறது. இளைஞர் வீடியோ கேம்களைத் தழுவி எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி வாதிடுவர். 1993ஆம் ஆண்டு வெளிவந்த மாரியோ படம் ஏன் தோற்றது, 2023ஆம் ஆண்டின் மாரியோ கேலிச்சித்திரப் படம் ஏன் உலகெங்கும் வசூலை வாரிக் குவித்தது என்று குரல் உயரும். அந்தச் சூடு ஆறுவதற்குள் எவரேனும் ஒரு நடிகரின் சாவுச் செய்தி வரும். உடனே அதே குரலில், அதே சூட்டில், அச்சாவைப் பற்றிய வாதம் தொடங்கிவிடும்.

முன்னதில் தவறு ஏதுமில்லை. மாரியோவிற்குத் தாய் இல்லை. மனைவி மக்கள் இல்லை. அவனை எவ்வளவு பழித்தாலும் ஓர் அடுப்பும் அணைவதில்லை, ஒரு கண்ணும் கலங்குவதில்லை. பின்னதோ அத்தகையதன்று. பேசுவோர் நாவிற்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. பேசப்படுவோர் வீட்டிலோ ஒன்று விளையாட்டு, மற்றொன்று இழவு. இவ்வேறுபாட்டை மறப்பதிலேதான் குற்றம் பிறக்கிறது.

முதற்கண் ஒரு தடையை விலக்குவோம். 'நேரில் காணாத நடிகருக்காக அழுவதே பேதைமை. அவர் யார், நாம் யார்?' என்று வினவுவோர் உளர். இதற்கு நம் இலக்கியமே விடை தருகிறது. பாரி மறைந்தபோது கபிலர் கையற்றுப் புலம்பினார். அவர் பாரியோடு உடனுறைந்து பழகியவர். ஆனால் பிசிராந்தையாரோ கோப்பெருஞ்சோழனைக் கண்டவரே அல்லர். பாண்டிய நாட்டில் இருந்துகொண்டு சோழன்பால் நட்புக் கொண்டார். அவன் வடக்கிருந்தபோது வந்து சேர்ந்தார். காணாமலே அன்பு வளரும் என்பதை ஒப்புக்கொண்ட மரபு நம் மரபு. எனவே காணாதவர்க்காகக் கண்ணீர் விடுதல் பொய்யாகாது.

புலம்பெயர்ந்து வாழ்வோர்க்கு இஃது இன்னும் பொருந்தும். எம்.ஜி.ஆர். அவர்களை எண்ணிப் பாருங்கள். நம் அண்டை ஊராகிய வடவன்னூர் அவர்தம் குடும்பத்தின் ஊர். 17-1-1917 அன்று அவர் பிறந்ததோ இலங்கை மண்ணில், வளர்ந்தது கும்பகோணத்தில், நாடகக் கம்பெனியில் சேர்ந்து பிழைப்புத் தேடி ஊர் ஊராய்த் திரிந்து, இறுதியில் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். வடவன்னூரில் அவர்தம் பழைய குடும்ப வீடு 2019ஆம் ஆண்டில் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் சென்று வாழ்ந்து பெயர் பெற்ற ஒருவரை, எல்லைக்கு இப்பால் வந்து வாழும் நாம் நம்மவராகக் கருதுவதில் வியப்பில்லை. 24-12-1987 அன்று அவர் மறைந்தபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர் நம்மில் பலர். அன்று பெரியவர் அழுததைக் கண்டு காரணம் அறியாமலே நாமும் அழுதோம். அவர்கள் அழுதது ஒரு மனிதருக்காக மட்டுமன்று. அவர் பாடல்களோடு கழிந்த தம் இளமைக்காகவும், விட்டுவந்த ஊருக்காகவும் சேர்த்தே அழுதனர்.

ஆயினும் துயரம் மெய்யானது என்பதனால் அதன் பெயரால் செய்வன யாவும் சரியாகிவிடா. அந்நாளில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் பலர், கடைகள் சூறையாடப்பட்டன. 2006ஆம் ஆண்டு கன்னட நடிகர் இராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டு சில உயிர்கள் போயின. இதற்கும் புறநானூறு நமக்கு வழி காட்டுகிறது. சோழனுடன் வடக்கிருக்க விழைந்த பொத்தியாரை, அவர்தம் மனைவி கருவுற்றிருந்தமையின், மகன் பிறந்த பின் வருக என்று சோழன் திருப்பி அனுப்பினான். சாகப்போகும் அரசனே, பிறக்கப்போகும் குழந்தையின் உரிமையை முன்வைத்தான். வாழ்வோர்க்குச் செய்யும் கடன் முந்தியது. மாய்ந்தோர்க்குச் செய்யும் சிறப்புப் பிந்தியது என்பதே அதன் கருத்து.

இனி, வாதத்திற்கு வருவோம். புகழுடையாரைப் பற்றிய வாதம் இருவகைப்படும். ஒன்று, அவர் வாழ்வைப் பற்றியது. மற்றொன்று, அவர் சாவின் காரணத்தைப் பற்றியது.

வாழ்வைப் பற்றிய வாதத்தை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. இறந்தார் என்பதற்காக ஒருவரைத் தெய்வமாக்குதலும் பொய்யே. எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தை மெச்சுவதும், அவர்தம் ஆட்சியின் குறைகளை எடுத்துக்காட்டுவதும் வரலாற்றின் கடமை. பொதுவாழ்வில் செய்தவை பொதுமக்கள் ஆய்வுக்கு உரியவை. ஆனால் அவர் வீட்டிற்குள் நடந்தவை, அவர் உடல்நோய், மனநோய், கடன், காதல் ஆகியவை நம் உடைமை அல்ல. மேலும், காலம் என்று ஒன்றும் உண்டு. பிணம் எடுக்கப்படாத வீட்டு வாயிலில் நின்று கணக்குப் பார்ப்பவனைக் கடன் கொடுத்தவனாயினும் ஊரார் பொறுக்கமாட்டார். சில நாள் பொறுத்தலால் உண்மை தேய்ந்துவிடாது.

சாவின் காரணம் பற்றிய வாதமே மிகப் பெருந்தீங்கு விளைப்பது. சாலக்குடியில் பிறந்து, 'ஜெமினி' படத்தால் தமிழரையும் கவர்ந்த கலாபவன் மணி 6-3-2016 அன்று மறைந்தார். நஞ்சு என்றும் சதி என்றும் பேச்சுகள் பரவின. இறுதி நாளில் உடனிருந்த நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் ஐயத்தின் நிழலில் வாழ்ந்தனர். முடிவில் மத்தியப் புலனாய்வுத் துறை, கல்லீரல் நோயே காரணம் என்றது. நகைச்சுவை நடிகர் விவேக் 15-4-2021 அன்று கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் மறைவு. ஊசியே கொன்றது என்று நாக்குகள் தீர்ப்பளித்தன. பின்னர் ஆய்ந்த வல்லுநர் குழு, ஊசிக்கும் அச்சாவிற்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் இடைப்பட்ட காலமோ கொடிய இரண்டாம் அலையின் காலம். அவ்வேளையில் தடுப்பூசியின்மேல் எழுந்த அச்சத்திற்கு யார் பொறுப்பேற்பது? மக்களுக்கு நம்பிக்கையூட்டவே பலர் காண ஊசி போட்டுக்கொண்டவர் அவர். அவர் சாவே அந்நோக்கத்திற்கு எதிராகத் திருப்பப்பட்டது.

14-6-2020 அன்று இந்தி நடிகர் சுசாந்த் சிங் இராஜ்புத் மறைந்தபோது நாடு முழுவதும் வழக்கு மன்றமாயிற்று. அவருடன் பழகிய இளம்பெண் ஒருவரைத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் குற்றவாளியாகக் காட்டின. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை முடித்துவைக்கும் அறிக்கையை அளித்தது 2025 மார்ச்சுத் திங்களில். ஏறத்தாழ ஐந்தாண்டுகள்! ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த அவ்வறிக்கையை, முதலில் கூவியவருள் எத்தனை பேர் படித்தனர்?

மக்கள் ஏன் இவ்வாறு பேசுகின்றனர்? கெட்ட நெஞ்சினர் என்பதாலன்று. கதைகளில் பழகிய மனம் வாழ்விலும் கதையைத் தேடுகிறது. திரையில் தலைவன் காய்ச்சலால் இறப்பதில்லை. பகைவன் சூழ்ச்சியால்தான் இறப்பான். 1962இல் வெளிவந்த 'பாசம்' படத்தின் இறுதியில் எம்.ஜி.ஆர். இறப்பதாகக் காட்டியதையே அவர்தம் அன்பர்கள் தாங்கவில்லை. வீடியோ கேமிலோ சாவே இல்லை. ஓர் உயிர் போனால் மறு உயிர் ஆயத்தமாக இருக்கும். 2019இல் தமிழில் வந்த 'கேம் ஓவர்' என்னும் படம், வீடியோ கேம் அமைக்கும் பெண் ஒருத்திக்கு அவ்விளையாட்டைப் போன்றே மூன்று உயிர்கள் வாய்ப்பதாகக் கற்பனை செய்தது. கற்பனையில் அஃது அழகு. ஆனால் அக்கண்ணோடு மெய்யான சாவைக் காணும்போது, அதனை இறுதியென ஏற்க மனம் மறுக்கிறது. பெரிய மனிதருக்குப் பெரிய காரணம் வேண்டும் என்கிறது. கதைக்குத் தீயவன் வேண்டும். நோய்க்கோ தீயவன் இல்லை. இல்லாத இடத்தில் ஒருவனைத் தேடுங்கால், அருகில் நிற்கும் மனைவியோ நண்பனோ மருத்துவனோ அகப்பட்டுக்கொள்கின்றனர்.

அவ்வாறாயின், ஐயமே கூடாதா எனின், அன்று. செல்வி ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்து 5-12-2016 அன்று மறைந்தபோது மக்கள் வினா எழுப்பினர். அவர் நாடாளும் முதலமைச்சர்; வினவும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. 2017இல் ஆறுமுகசாமி ஆணையம் அமைந்தது. 2022இல் அறிக்கை வந்தது. அவ்வறிக்கையை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆயினும் வினா உரிய மன்றத்தில் வைக்கப்பட்டது. வினவுதல் வேறு, தீர்ப்பளித்தல் வேறு. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இது நாளும் பழகிய பாடம். ஓய்வூதியர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் உயிர்ச்சான்று தந்து மெய்ப்பிக்க வேண்டும். அவர் இறந்ததை ஊரே அறிந்திருப்பினும், இறப்புச் சான்று வந்து சேரும்வரை கோப்பில் அவர் இறந்தவரல்லர். இதனைக் கண்டு நகைப்போர் உளர். ஆனால் 'இறந்தார்' என்று எழுதுவதற்கே இத்துணைக் காவல் எனின், 'கொன்றார்' என்று கூறுவதற்கு எத்துணைக் காவல் வேண்டும்?

இன்னுமொன்று கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. தொலைவில் இறந்த நடிகரின் குடலில் நஞ்சு இருந்ததா என்று நாம் வாதிடும் நேரத்தில், நம்மைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. எண்டோசல்ஃபான் என்னும் நஞ்சை 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடைசெய்தது. முதலமடைப் பகுதிக் குழந்தைகள் சிலருடைய உடற்குறைகளுக்கும் தோப்புகளில் தெளித்த மருந்துக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இந்நஞ்சு நம் வாயில்வரை வந்தது. முகமூடியின்றி மருந்தடிப்பவர் நம் தெருவினர். இருமுபவர் நம் உறவினர். அவருள் ஒருவர் இறந்தால் அச்சாவுக்கு வாதமும் இல்லை, ஆணையமும் இல்லை. உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துச்செல்ல வண்டி வாடகைக்கே அவ்வீட்டார் கைந்நனைக்க வேண்டியுள்ளது. நடிகருக்காகச் சிந்தும் கண்ணீர் மெய்யா, பழக்கமா என்பதற்கு அந்த வீட்டு வாயிலே உரைகல். ஐயுற்று வினவும் ஆற்றல் நம்பால் நிரம்ப உளது. அது பயன்படும் இடத்தில் பயன்படுவதாக.

துயரத்தை நற்செயலாக்கியோரும் உளர். 29-10-2021 அன்று மறைந்த புனித் இராஜ்குமாரின் கண்களால் நால்வர் பார்வை பெற்றனர்; அவரைப் பின்பற்றிக் கண்தானத்திற்கு முன்வந்தோர் மிகப் பலர். விவேக்கின் நினைவாகப் பலர் மரக்கன்று நட்டனர். இவர்களும் காணாதவர்க்காக அழுதவர்களே. அழுத பின் எழுந்து ஒரு செயலைச் செய்தவர்கள்.

ஆகவே நம் குடும்பத்துப் பெரியோரையும் இளைஞரையும் வேண்டுவது இதுவே. சாவுச் செய்தி வந்தால் முதலில் அது மெய்யா என்று உறுதி செய்வோம். மெய்யெனின் அவர்தம் கலையைப் பேசுவோம், பாடலைக் கேட்போம், அழுகை வந்தால் நாணாது அழுவோம். காரணத்தை அறிய உரியவர் அறிந்து கூறும்வரை காத்திருப்போம். அவர் மனைவியோ மகளோ நம் கூட்டத்தில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் கேட்கக் கூறத்தகாத சொல்லை அவர் இல்லாத இடத்தும் கூறாதிருப்போம். பின்னர் அதே வாரத்தில், நம் தெருவில் இழவு கண்ட வீடு ஏதேனும் உண்டா என்று விசாரித்து, அங்கும் சென்று வருவோம்.