தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியுமா?

உடலின் நிலையையும் அசைவையும் ஒருவர் தாமாகவே திருத்திக்கொள்ள முடியுமா, இன்னொருவரின் கை வேண்டுமா? உடற்பயிற்சி பற்றிய கேள்வியாகத் தோன்றும் இதன் அடியில் இருப்பது, குரு வேண்டுமா என்று நம் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்விதான். பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்தில் இது உயிரோடு தொடர்புடையது. வெடிமருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் ஏற்படும் உராய்வு, பட்டாசு ஆலை விபத்துகளின் முக்கியக் காரணங்களில் ஒன்று. மெதுவாகக் கையாள வேண்டும் என்று விதிமுறைப் பலகை சொல்லிவிடும். ஆனால் பழகிப்போன கைக்குத் தன் வேகம் வேகமாகவே தெரிவதில்லை. தரையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குத் தம் கூனல் முதுகு நேராக இருப்பதாகவே படும். ‘எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற உணர்வு இங்கே சாட்சியாகாது.

1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் இதைத் தம் உடலிலேயே கண்டறிந்தார். மேடையில் கவிதை ஒப்பிக்கும் அவருக்குக் குரல் கம்மியது. கண்ணாடி முன் நின்றபோது, பேசத் தொடங்கும் கணத்திலேயே தலையைப் பின்னுக்கு இழுப்பது தெரிந்தது. அதைத் திருத்திவிட்டதாக உணர்ந்த பிறகும் கண்ணாடி பழைய தவற்றையே காட்டியது. அளக்கும் கோலே கோணியிருந்தால் அதைக் கொண்டு எதை நேராக்குவது? எனவே சொல்லோடு கையையும் கற்பிக்கும் கருவியாக்கினார். 1931-ல் லண்டனில் அவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி மூன்றாண்டு நீண்டது. இறுகிய கை இறுக்கத்தையே கடத்தும் என்பதால், பிறரைத் தொடுவதற்கு முன் ஆசிரியர் தம் இறுக்கத்தை விடக் கற்க வேண்டியிருந்தது. அலெக்சாண்டரிடம் பயின்ற மெய்யியலாளர் ஜான் டூயி அவர் நூல்களுக்கு முன்னுரை எழுதினார்.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றி இதே வாதத்தை வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டாரின் மரபில், ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட உயிர் தன் மறைப்பைத் தானே அறியாது, காட்டினால்தான் காணும். அந்தக் காட்டுதலை அம்மரபு இரண்டாகப் பிரிக்கிறது. பொருளைக் காட்டுவது காட்டும் உபகாரம். காணும்போது உயிரோடு கூடவே நின்று காண்பது காணும் உபகாரம். குரு தொட்டு அருளும் பரிச தீட்சைக்கும் அங்கே இடமுண்டு. உடலைக் கற்பிக்கும் கையும் இந்த இரண்டையும் செய்ய வேண்டும். திசையைக் காட்டிவிட்டு விலகினால் மாணவர் பழைய பழக்கத்துக்கே திரும்புவார். அசைவோடு சேர்ந்து சென்றால்தான் புதிய அசைவு அவருடையதாகும்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணரைக் காட்டி இந்த வாதத்தை மறுக்கலாம். 1896-ல், பதினாறாம் வயதில், மதுரையில் பிணம்போல் உடலை விறைத்துக் கிடந்து ‘நான்’ என்பதை ஆராய்ந்தபோது மனித குரு யாரும் அருகில் இல்லையே? ஆனால் அவர் தேடியது உடலுக்கு அப்பாற்பட்டதை. தானே விளங்குவதாக அவர் சொன்ன ‘நான்’ வேறு; புலனுணர்வின் வழியாக மட்டுமே நமக்குத் தெரியும் முதுகும் கழுத்தும் வேறு. அவரும் அருணாசலத்தைக் குருவாகவே கொண்டார்.

தொடும் கை ஆளும் கையாகிவிடாதா என்பது இன்னும் கனமான மறுப்பு. யார் யாரைத் தொடலாம், யார் கோயிலுக்குள் நுழையலாம் என்பதைச் சாதி வகுத்த மண் இது. ஆலய நுழைவுப் பூசலும் சேர்ந்து மூண்ட 1899 சிவகாசிக் கலவரத்தை இந்த வட்டாரம் மறக்க முடியாது. ஆயினும் அந்த வரலாறு கையை விலக்கச் சொல்லவில்லை. ஒருவரைத் தொட மறுப்பது, கை வழியே மட்டும் வரக்கூடிய அறிவையும் அவருக்கு மறுப்பதாகும். அந்த வரலாறு சொல்லும் நிபந்தனை வேறு: கற்பவரின் சம்மதம் முதலில் வேண்டும், வேண்டாம் என்றால் கை உடனே விலக வேண்டும், தள்ளி வளைத்து ஒரு வடிவத்தைத் திணிக்கக் கூடாது. திணித்த வடிவம் கையை எடுத்ததும் கலைந்துவிடும். ஆகவே மென்மையை ஆசிரியரின் நற்குணமாக மட்டும் கருதுவது போதாது. அது இல்லாத இடத்தில் கற்பித்தலே நடப்பதில்லை. தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியாத மனிதருக்கு இன்னொருவரின் கை தேவை. அந்தக் கைக்கோ, தான் தேவைப்படாத நாளை நோக்கியே உழைக்கும் கடமை உண்டு.