காகத்துக்கு யாரைத் தெரியும்?

சியாட்டிலில் ஒரு சிறுமிக்குக் காகங்கள் பரிசுகள் கொண்டுவருகின்றன என்று 2015இல் பிபிசி வெளியிட்ட செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். நான்கு வயதில் அவள் கையிலிருந்து சிந்திய தின்பண்டத்துக்காக வரத் தொடங்கிய காகங்கள் அவை. பிறகு மதிய உணவை அவற்றோடு பகிர்ந்துகொண்டாள். 2013 முதல் தினமும் வேர்க்கடலையும் தண்ணீரும் வைத்தாள். அதன் பின்தான் தீனித் தட்டில் பொத்தான், பேப்பர் கிளிப், மணி, காதணி என்று ஏதேனும் கிடக்கத் தொடங்கியது. அவள் ஒவ்வொன்றையும் தேதி எழுதிப் பத்திரப்படுத்தினாள்.

இதை நட்பு என்று சொல்லலாமா? கடலை நின்றால் காகமும் நின்றுவிடும், இது வெறும் கொடுக்கல் வாங்கல் என்று ஒரு வாதம் உண்டு. நன்றியா தற்செயலா என்று காகத்திடம் கேட்க வழியில்லைதான். ஆனால், தீனியில் தொடங்கியதாலேயே ஓர் உறவு பொய்யாகிவிடாது. தாய்க்கும் பிள்ளைக்குமான உறவே பாலில்தான் தொடங்குகிறது. எனக்கு இரண்டு கேள்விகள் முக்கியமாகப் படுகின்றன. விலகிப்போக இருவருக்கும் சுதந்திரம் இருக்கிறதா? ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறிகிறார்களா?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. 1918ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, அமெரிக்காவில் காகத்தை அனுமதியின்றிப் பிடித்து வளர்க்க முடியாது. கூண்டு இல்லை, சங்கிலி இல்லை. வந்த காகம் வர விரும்பி வந்தது.

இரண்டாவது கேள்விக்கும் அதே ஊரில் பதில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் கற்கால மனிதனின் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தார். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கரைந்து விரட்டின. பல ஆண்டுகள் அது நீடித்தது; அன்று பிறந்தே இராத குஞ்சுகளும் பிற்பாடு சேர்ந்துகொண்டன. காகம் முகத்தை மறப்பதில்லை.

நமக்கோ எல்லாக் காகமும் ஒன்றுபோலத்தான். ஆக, இந்த நட்பில் கூடுதலாக அறிந்த தரப்பு காகம்தான்.

இங்கே நம் வழக்கம் நினைவுக்கு வருகிறது. அமாவாசையன்று சோறு வைத்து, 'கா கா' என்று அழைத்து, முதலில் வந்து கொத்துவதைத் தாத்தா என்கிறோம். சாம்பல் கழுத்து இல்லாத இந்நாட்டுக் காகம் வந்தாலும் அதுவும் தாத்தாதான். எந்தக் காகம் என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. அந்த நம்பிக்கையை நான் கைவிடப்போவதில்லை. ஆனால், அங்கே காகம் தனக்காக அழைக்கப்படவில்லை, இன்னொருவருக்குப் பதிலாக வருகிறது. அந்தச் சிறுமி காகத்தைக் காகமாகவே அழைத்தாள்.

புலம்பெயர்ந்த நாம் பிள்ளைகளிடமும் இதையே செய்கிறோம். தாத்தாவின் பெயர், பாட்டியின் சாயல், விட்டுவந்த ஊரின் மொழி எல்லாம் அவர்களிடம் திரும்பி வந்ததா என்று பார்க்கிறோம். அதில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால், யார் யாரையோ தேடும் கண்ணுக்கு, எதிரே நிற்கும் பிள்ளை சரியாகத் தெரிவதில்லை. பிள்ளைக்கோ நம் முகம் நன்றாகவே தெரியும்.