இனாமும் ஊதியமும்

பிராசெரி என்னும் பிரெஞ்சுச் சொல் முதலிற் குறித்தது பியர் வடிக்கும் சாலையையே. அல்சாஸ் மாகாணத்தார் பாரிசிற் குடியேறி நடத்திய பியர்க்கடைகள் பல காலப்போக்கில் உணவகங்களாயின. பஸ்தீல் சதுக்கத்தருகே 1864இல் தோன்றிய பொஃபாஞ்சேயும், சென் ஜெர்மேன் பெருந்தெருவில் 1880இல் தோன்றிய லிப்பும் இவ்வகையின. இன்று இலண்டன் மாநகரின் செல்சி போன்ற செல்வர் வாழ் பகுதிகளிற் காணப்படும் பிராசெரிகளுட் சில, பல நகரங்களிற் கிளை பரப்பிய நிறுவனங்களுக்குரியவை. பித்தளைக் கம்பிகளும் பெருங் கண்ணாடிகளும் தோல் இருக்கைகளும் கிளைதோறும் ஒன்றுபோல் அமைகின்றன. வெங்காய சூப்பின் சுவையும் அவ்வாறே. இதிற் பழுதுகாண வேண்டியதில்லை. உண்பவர் முன்னறிந்த சுவையை நாடி வருகிறார், அதனைப் பெறுகிறார். ஆயின், ஒன்றுபோல் அமைய வேண்டியவற்றுட் பரிசாரகரின் புன்னகையும் சேர்க்கப்படும்போது ஓர் அறவியல் வினா எழுகின்றது.

உணவு முடிந்ததும் சிட்டை வரும். அதன் அடியில், வழமையாக 12.5 வீதம், சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கும். அது ‘விருப்பத்திற்குரியது’ என்னும் குறிப்பும் அருகே காணப்படும். 80 பவுண் உணவுக்கு 10 பவுண். விரும்பாதவர் அதனை நீக்குமாறு கேட்கலாம். கேட்பது எவரிடம்? ஒன்றரை மணிநேரம் நீர் ஊற்றியும் தட்டு மாற்றியும் அருகே நின்ற அதே பரிசாரகரிடந்தான். கேட்க நாணி, மனம் உவவாது கொடுப்பவர் ஒருபுறம். கேட்கத் துணிந்தவரோ, சமையலில் நேர்ந்த குறைக்காகவும் பரிசாரகரின் வருவாயிலேயே கை வைக்கிறார்.

வறியார்க்கு ஒன்று கொடுப்பதே ஈகையென வரையறுத்தவர் வள்ளுவர். அவ்வரையறையை இங்குப் பொருத்தி நோக்குமிடத்துச் சிக்கல் தெளிவாகும். பரிசாரகர் இரந்து நிற்பவரல்லர், உழைத்தவர். உழைப்புக்குரியதை ஈகையெனப் பெயரிட்டு வழங்கும்போது கொடுப்பவர் வள்ளலாகிறார், பெறுபவர் இரவலராகிறார், முதலாளியோ இருவருக்குமிடையே கண்ணிற் படாது மறைந்துவிடுகிறார்.

சாத்தர் 1943இல் வெளியிட்ட ‘இருத்தலும் இன்மையும்’ என்னும் நூலிற் கோப்பிக்கடைப் பரிசாரகர் ஒருவரை உதாரணங் காட்டுகிறார். அவருடைய நடை சற்றே மிகை விரைவானது, பணிவும் மிகையானது. பரிசாரகராயிருத்தலையே அவர் நடிக்கிறார் என்பதும், தன்னைத்தானே ஏமாற்றும் போக்கிற்கு அது எடுத்துக்காட்டு என்பதும் சாத்தரின் கருத்து. அந்நடிப்பைப் பொதுமக்களே எதிர்பார்க்கின்றனர் என்பதையும் அவர் கூறத் தவறவில்லை. அந்நிலைக்குரிய உரிமைகளைச் சொல்லுகையில் இனாம் பெறும் உரிமையையும் போகிறபோக்கிற் சேர்த்துக்கொள்கிறார். கொடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்த இனாம், பெறுபவரின் உரிமையாவது எங்ஙனம்? தத்துவஞானி அதனை அங்கு விரித்திலர். அம்மாத வீட்டு வாடகை அவ்வினாமிலே தங்கியிருப்பின், மிகையான பணிவைத் தன்னை ஏமாற்றல் என்பதிலும் பிழைப்பு என்பதே பொருந்தும்.

இனாம் இல்லையெனிற் பணி சிறவாது என்பாருமுளர். ஆசிரியருக்கும் தாதிக்கும் எவரும் சிட்டையில் வீதங் கணக்கிட்டுக் கொடுப்பதில்லை. அதனால் அவர்தம் பணி கெட்டதுமில்லை.

சட்டம் இவ்வினாவை மெல்லவே அணுகியுள்ளது. சம்பளப் பட்டியலூடாக வழங்கும் இனாமைக் குறைந்தபட்ச ஊதியத்தின் பகுதியாகக் கணக்கிடுவதற்குப் பிரித்தானிய முதலாளிகளுக்கு 2009 ஒக்டோபர் வரை இடமிருந்தது. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஒக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், முதலாளியின் கைக்கு வரும் இனாமும் சேவைக் கட்டணமும், வரி தவிர்ந்த வேறு கழிவின்றித் தொழிலாளரைச் சேரவேண்டுமென விதித்தது. பிரான்சிலோ 1987 முதல் உணவுப் பட்டியலின் விலையிலேயே சேவைக்குரிய தொகையும் அடங்கவேண்டும். அங்கு மேசையில் விடப்படும் சில்லறை மெய்யாகவே இனாம்.

செல்சியில் அவ்வழியைப் பின்பற்றினால் 20 பவுண் உணவு பட்டியலில் 22 பவுண் 50 பென்சாகத் தோன்றும். அயற்கடை விலையோடு ஒப்பிடும் கண்ணுக்கு அது மிகையாகும். மேலும், மெய்யாகவே விருப்பத்திற்குரியதாயுள்ள சேவைக் கட்டணத்துக்குப் பிரித்தானியாவிற் பெறுமதி சேர் வரி இல்லை. கட்டாயமாக்கினால் உணவைப் போன்றே அதற்கும் வரி உண்டு. ‘விருப்பத்திற்குரியது’ என்னும் அச்சிறு சொல் சிட்டையில் நிலைத்திருப்பதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.