பாராட்டிலும் பழி உண்டு

'டீன் டைட்டன்ஸ்' என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 2003-இல் தொடங்கியது. அதன் வீராங்கனை ஸ்டார்ஃபயர் வேற்றுக்கோளினள். ஒரு கதையில் விண்வெளி வீரன் ஒருவன் அவளை 'ட்ரோக்' என்கிறான். அவள் இனத்தாரை ஒன்றுமற்றவர் எனப் பழிக்கும் சொல் அது. அவளது வீரத்தைக் கண்டபின், அவ்வினத்தில் இவள் நல்லவள் என்று பாராட்டுகிறான். அப்பாராட்டு அவளை மகிழ்விக்கவில்லை.

'அந்தச் சாதியில் இவர் மட்டும் நல்லவர்' என்னும் பேச்சு நமக்கும் புதிதன்று. அது ஒருவரை உயர்த்தி, அவர்தம் மக்களைத் தாழ்விலேயே விட்டுவிடுகிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், பட்டியலின மக்கள் காவலர் துணையோடு மாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதற்குமுன் அவர்களிடம் இல்லாதிருந்த தகுதி யாது? கிறிஸ்தவக் கல்லறைகளிலும் சாதிச்சுவர் எழுந்ததை நாம் அறிவோம்.

மனித மாண்பு இறைச்சாயலாகப் படைப்பிலேயே அருளப்பட்டது. அதற்கு நற்சான்று கேட்க நாம் யார்?