விரும்பி ஏற்ற கடன்

பிறப்பாலோ பிழைப்பாலோ வாய்த்த கருமமே ஒருவனுக்குச் சுயதர்மம் எனக் கொள்வோமாயின், வாரம் முழுவதும் நீதிமன்றத்திலும் கணக்கு அறையிலும் உழைத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஆகாய விமானம் ஓட்டப் பயின்ற பிரிட்டிஷ் துணை விமானப்படையினரின் தொண்டு எந்தத் தர்மத்தில் அடங்கும் என்ற வினா என் மனத்தை நெடுநாளாக அலைக்கழித்ததுண்டு. 1925-இல் உருவாகத் தொடங்கிய அப்படையின் அணிகள் கிளாஸ்கோ, எடின்பரோ என ஊர்ப்பெயர்களையே தாங்கி நின்றன. தேர்வடம் பிடிப்பவன் கூலி கேட்பதில்லை என்பதை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. (பயிற்சி நாட்களுக்குப் படி உண்டுதான், ஆயினும் படிக்காசுக்காக எவன் பிராணனைப் பணயம் வைப்பான்?) 1939 அக்டோபர் 16-ஆம் நாள் ஃபோர்த் கழிமுகத்தின்மேல் வந்த ஜெர்மானிய விமானங்களை இவ்விரு ஊர் அணிகளுமே எதிர்த்துச் சிலவற்றை வீழ்த்தின. வீழ்த்தியோருள் ஒருவரான பாட்ரிக் கிஃபோர்ட், காசில் டக்ளஸ் என்னும் சிற்றூரின் வழக்கறிஞர்; அடுத்த மே மாதத்திலேயே அவர் பெல்ஜியத்தில் போரிட்டு மாண்டார்.

போரையே குலத்தொழிலாகக் கொண்ட க்ஷத்திரியன் தன் கையின் குருதியை விதியின்மேலும் அரசன்மேலும் சார்த்திவிடலாம். தானே வலிய வந்து நின்றவனுக்கோ அந்தப் புகலிடமும் இல்லை. அவனது தியாகத்தின் மேன்மை எந்தச் சுயேச்சையிலிருந்து பிறந்ததோ, அவனது பாவத்தின் பாரமும் அதிலிருந்தே பிறக்கிறது.