முதுகுக்குத் தெரிய வேண்டும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசிமகத் தேர் பார்க்கப் போனால், அப்பாயி ஈரமா வெயிலா என்று பார்க்காமல் விழுந்து கும்பிடும். "நின்னுகிட்டே கும்பிட்டா சாமிக்குத் தெரியாதா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "சாமிக்குத் தெரியும்டா. உன் முதுகுக்குத் தெரிய வேணாமா?"

யட்டவத்தையில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கிறவன் நான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் வாங்கிய பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாக வருகின்றன. போன கிழமை வந்த ஒன்றில் கருகிய மொஸ்பெட்களை மாற்றிவிட்டு, அவற்றைத் திறந்து மூடும் ஐஆர்2110 ஐசியைத் தனியே சோதித்தேன். மேல் மொஸ்பெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 24 வோல்ட் பல்ப். ஐசிக்கு 'திற' என்ற கட்டளையை விடாமல் கொடுத்தேன். பல்ப் ஒருமுறை சிமிட்டி அணைந்தது. போலி ஐசி என்று கூடையில் எறிந்தேன். இன்னொன்று போட்டேன், அதே கதை. அதுவும் கூடைக்கு.

இரவு டேட்டாஷீட்டை விரித்தபோதுதான் உறைத்தது. மேல் மொஸ்பெட் திறந்ததும், அதுவும் பல்பும் சேரும் நடுப்புள்ளி 24 வோல்ட்டுக்கு ஏறிவிடும். திறந்தே இருக்க, மொஸ்பெட்டைத் திறக்கும் முனையான கேட்டுக்கு அதற்கும் மேலே பத்து வோல்ட் வேண்டும். அதைத் தருவது ஒரு சின்னக் கப்பாசிட்டர். நடுப்புள்ளி கிரவுண்டுக்கு இறங்கும்போது மட்டுமே அது நிரம்பும். இறங்க விடாமல் பிடித்தால் ஒரு விநாடி தாங்காது. வடிந்துவிடும், ஐசி தானே மூடிக்கொள்ளும். மூன்றாவது ஐசியைப் பொருத்தி, விநாடிக்கு 50 தடவை ஏற்றி இறக்கினேன். சற்று மங்கல்தான், ஆனால் பல்ப் விடாமல் எரிந்தது.

அம்மனும் தேரேறித் தெருவுக்கு வருகிறாளே, இறங்கினால்தான் நிரம்பும் என்பது சாமிக்கும் பொருந்துமா? பொருந்தாது. இறைவனுக்கு நிரப்பிக்கொள்ள ஒரு குறையும் இல்லை என்பது சைவ சித்தாந்தம். அவள் வருவது நமக்காக. வடிந்துபோகிறவர்கள் நாம். விரதம் இருந்தோம், காவடி எடுத்தோம் என்று ஏறிய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தால் பக்தி வடிந்து, செருக்குத்தான் மிஞ்சும். விழுந்து கும்பிடுவது தாழ்ந்து போவதற்கு அல்ல, மறுபடி நிரம்புவதற்கு. இத்தனை வருடத் தொழில் என்ற உயரத்தில் நின்றுதானே நானும் இரண்டு ஐசிக்குத் தீர்ப்புச் சொன்னேன்?

காலையில் முழங்கால் போட்டுக் கூடையைக் கிளறினேன். இரண்டும் நல்ல ஐசிகள். ஒன்று அந்தப் பெட்டிக்கே திரும்பப் போனது.