வேலியோரத்துச் சிறகுகள்

கோடையில் பட்டாம்பூச்சி பார்க்கவும் படமெடுக்கவும் கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் மலையடிவாரத்துக்குத்தான் கிளம்புகிறார்கள். கல்லாறு, சிறுவாணி, ஆனைமலை என்று பட்டியல் நீளும். அங்கே இனங்கள் அதிகம் என்பது உண்மைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 330க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. ஆனால் சாமளாபுரம் போன்ற விசைத்தறி ஊரில், தறிச் சத்தம் காதில் விழும் தூரத்திலேயே, வறண்ட காட்டுக்கென்றே ஆன பட்டாம்பூச்சிக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. மழைக்காட்டுக்குள் போய்த் தேடினால் அதைப் பார்க்க முடியாது. இங்கேதான் பார்க்க வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையின் கழிவையும் சுமந்துகொண்டு கிழக்கே இறங்கி, சாமளாபுரம் குளத்தைத் தொட்டு, மங்கலம், திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஊரைச் சுற்றி வானம் பார்த்த மேட்டுக்காடுகள், கிணற்றுப் பாசனத் தோட்டங்கள், அவற்றுக்கு நடுவே தறிக்கூடங்கள். சித்திரையில் எல்லாம் காய்ந்து கிடப்பதுபோல் தெரியும். இரண்டு கோடைமழை விழுந்ததும் ஒரு வாரத்தில் வேலியோரம் துளிர்த்துவிடும். பட்டாம்பூச்சி பார்க்க அதுவே நல்ல தருணம்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டாம்பூச்சி வெயிலை வாங்கித்தான் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். மார்புப் பகுதி ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டினால்தான் பறக்கும் தசைகள் சரியாக வேலை செய்யும். அதனால் காலை ஏழு மணி வாக்கில் சிறகை விரித்துக் கிழக்கு வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நிதானமாகப் படமெடுக்க அதுதான் வேளை. பத்து மணிக்கெல்லாம் கொங்குநாட்டு வெயில் அதற்கே தாங்காது. புதரின் அடிநிழலுக்குள் போய்விடும். நடுப்பகலில் கேமராவோடு காட்டில் அலைபவர் கண்ணில் எதுவும் படாததற்குக் காரணம் இதுதான்.

இடம் எது என்பதைச் செடி சொல்லும். எந்தப் பட்டாம்பூச்சியும் கண்ட இலையில் முட்டையிடாது. தன் புழு எந்த இலையைத் தின்னுமோ, அந்த இலையைத் தேடிப்பிடித்துத்தான் இடும். இதைப் பார்க்க வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலை மரமே போதும். கறிவேப்பிலை அழகி என்று பெயர் பெற்ற கறுப்புப் பட்டாம்பூச்சி அதைச் சுற்றி வரும்போது சற்று நின்று பாருங்கள். சிறகை அடித்தபடியே ஒரு இலையைத் தொடும், முன்கால்களால் அதை வேகமாகத் தட்டும், பறக்கும், அடுத்த இலைக்குப் போகும். முன்கால்களில் சுவையறியும் உணர்முடிகள் உண்டு. தட்டித்தான் இலையை ருசி பார்க்கிறது. இலை இளந்தளிராக, தனக்கு ஏற்றதாக இருந்தால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும். மஞ்சள் கலந்த உருண்டை முட்டை, கடுகை விடச் சிறியது. சில நாளில் பறவை எச்சம் போலவே ஒரு புழு இலைமேல் கிடக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அதை லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஓர் உறுப்பை நீட்டிக் கடுமையான வாடை விடும். எலுமிச்சையிலும் நாரத்தையிலும் வளரும் எலுமிச்சை அழகியின் புழுவும் இப்படித்தான்.

கறிவேப்பிலை அழகியின் பெண்ணில் மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற வேறு இரு இனங்களின் வேடம். அவ்விரண்டும் ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து உடம்பில் நஞ்சேற்றிக்கொண்டவை. பறவைகள் அவற்றைத் தொடாது. அந்தப் பயத்தின் மறைவில் கறிவேப்பிலை அழகி பிழைத்துக்கொள்கிறது. இந்த வேடங்களை இயக்குவது ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அசலா வேடமா என்று கண்டுபிடிக்க ஆய்வகம் எதுவும் வேண்டாம், தெளிவான ஒரு படம் போதும். அசலின் உடம்பு சிவப்பு, வேடக்காரியின் உடம்பு கறுப்பு.

கொல்லையை விட்டு மேட்டுக்காட்டு வேலிக்குப் போனால்தான் இந்த மண்ணின் சொந்தப் பட்டாம்பூச்சிகள் தெரியும். கிளுவை நட்டு வளர்த்த பழைய உயிர்வேலிகளில் விழுதி, ஆதண்டை, சங்கஞ்செடி, பூமிச்சக்கரைக் கொடி எல்லாம் தானாகவே ஏறிப் படர்ந்திருக்கும். விவசாயிக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. ஆட்டுக்குத் தழை, அவ்வளவுதான். ஆனால் வெள்ளைச் சிறகின் நுனியில் ஆரஞ்சும் செஞ்சிவப்பும் தீட்டிய சிறு பட்டாம்பூச்சிகள், சால்மன் மீனின் இளஞ்சிவப்பு நிறம் கொண்டவை, கறுப்பு நரம்போடிய வெள்ளையன்கள் என ஒரு கூட்டமே இந்த நாலைந்து செடிகளை நம்பித்தான் இருக்கிறது. இவற்றின் நெருங்கிய உறவினங்கள் அரேபியாவின் வறண்ட நிலங்களிலும் ஆப்பிரிக்காவின் முட்காடுகளிலும் பறக்கின்றன. ஊரே காய்ந்து கிடக்கும்போதும் விழுதி பச்சையாக நிற்கும். அதன் இலையைப் புரட்டினால் நடுநரம்பை ஒட்டி நீளவாக்கில் படுத்திருக்கும் மெல்லிய பச்சைப் புழுவைப் பார்க்கலாம். நரம்பு எது, புழு எது என்று பிரித்தறியக் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

தரிசிலும் கிடைப்பது உண்டு. எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் இருக்கும். நெருஞ்சி படர்ந்த தரையில் விரல்நகமளவு நீலன்கள் பறக்கும். கொன்றையும் ஆவாரையும் நிற்கும் இடத்தில் மஞ்சள் வெள்ளைக் கூட்டம். குளம் வற்றி ஓரம் சேறாகும்போது ஆண் பட்டாம்பூச்சிகள் கும்பலாக இறங்கி ஈர மண்ணை உறிஞ்சும். தேனில் போதிய அளவு இல்லாத சோடியம் உப்பு அவற்றுக்கு அங்கேதான் கிடைக்கிறது. இணைசேரும்போது அதில் ஒரு பங்கைப் பெண்ணுக்கும் கொடுத்துவிடும். காய்ந்த குளத்துப்பரப்பில் முளைக்கும் தேள்கொடுக்கிலும், வரப்போரக் கிலுகிலுப்பையிலும் வரியன்கள் மொய்ப்பது வேறு காரணத்துக்கு. வாடிய இலையைச் சுரண்டி அதிலுள்ள ஆல்கலாய்டைச் சேர்த்துக்கொள்கின்றன. பெண்ணைக் கவரும் வாசனைக்கு அதுவே மூலப்பொருள். அந்த நேரத்தில் மெல்ல அருகில் போனாலும் பறக்காது.

வைகாசி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் பக்கம் வீசத் தொடங்கும்போது தலையைக் கொஞ்சம் மேலே நிமிர்த்துங்கள். நீல வரியன், கருநீல வரியன், அரளி விரும்பி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில், மேற்கிலிருந்து கிழக்காகப் போவதைப் பார்க்க வாய்ப்புண்டு. தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டுவதற்கு முன், ஏப்ரல் முதல் ஜூன் வரையில், இவை மலையை விட்டுக் கிழக்குச் சமவெளிக்கு இறங்குகின்றன. இங்கே இனம் பெருக்கி, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் அடுத்த தலைமுறை மலைக்குத் திரும்புகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் சூரியப் புள்ளிகளை ஆராய்ந்து பேர் வாங்கிய ஜான் எவர்ஷெட், தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகளின் இந்த வலசை பற்றி 1910இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் குறிப்பு எழுதியிருக்கிறார். சூரியனை அளக்க வந்தவர் கண்ணிலும் படும் அளவுக்கு அந்தக் கூட்டம் பெரிது. கிருஷ்ணமேக் குண்டே 2005இல் அதே இதழில் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்று கோவையின் டி.என்.பி.எஸ். போன்ற பட்டாம்பூச்சி ஆர்வலர் அமைப்புகள் ஆண்டுதோறும் வலசையைக் கவனித்துப் பதிவுசெய்கின்றன. கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் நம் ஊர்களிலிருந்து வரும் பதிவுகள் அதற்கு மிகவும் தேவை.

இனி கேமரா. பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண்ணுக்கு ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். நிறத்தை விட அசைவும் நிழலும்தான் அதை விரட்டும். ஆகவே சூரியனைப் பார்த்து உங்கள் நிழல் எங்கே விழும் என்று முதலில் கணக்கிடுங்கள். பிறகு தாழ்ந்து, சுற்றி வளைக்காமல் நேராக நெருங்குங்கள். 90 முதல் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் போதிய இடைவெளி விட்டே எடுக்கலாம். அவ்வளவு அருகில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதனால் சிறகின் பரப்பும் லென்ஸின் முகமும் இணையாக இருக்கும்படி நில்லுங்கள். துவாரம் எஃப்8 முதல் எஃப்11 வரை, வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. காற்றில் ஆடும் தண்டுக்கு இது போதும். செல்போனும் மோசமில்லை, மண் உறிஞ்சும் வேளையில் மிக நன்றாகவே வரும்.

நீல வசீகரன் இதற்கெல்லாம் நல்ல பயிற்சி. வெறும் செம்மண் தரையில் சிறகை விரித்துப் படுத்திருக்கும். நெருங்கினால் எழுந்து பறக்கும்; துரத்த வேண்டாம், அங்கேயே உட்காருங்கள். தன் எல்லையைக் காக்கும் ஆண் அது, சுற்றிவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்கு வந்து இறங்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பின்சிறகின் நீலம் கோணத்துக்குக் கோணம் மாறுவது தெரியும். சாயத்தொழில் சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்: அந்த நீலத்தில் நீலச் சாயம் துளியும் இல்லை. ஒவ்வொரு செதிலின் அடித்தட்டும் நானோமீட்டர் அளவில் இருக்கும் மெல்லிய ஏடு; அதன் தடிமன்தான் எந்த ஒளி திரும்பி வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. சோப்புக் குமிழியில் தெரியும் நிறமும் இதே வகை. கறுப்பு மட்டும் மெலனின் என்ற நிறமி.

படத்துக்காகப் பட்டாம்பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்குவதும், சிறகைப் பிடித்து வாகாக உட்காரவைப்பதும் சிலர் செய்கிற வேலை. அது கொடுமை. அப்படி எடுத்த படத்தால் யாருக்கும் எந்த அறிவும் கூடாது. எடுத்த படத்தோடு தேதி, இடம், அது உட்கார்ந்திருந்த செடியின் பெயர் மூன்றையும் எழுதிவைத்தால் சாதாரணப் படமும் ஆவணமாகிவிடும். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடிப் பதிவுகளைத் திரட்டுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்ததும் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்க நல்ல சாக்கு.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேலிதான். நிலம் கைமாறியதும் முதல் வேலையாக ஜேசிபி வந்து கிளுவை வேலியைப் புரட்டிப் போடுகிறது. அந்த இடத்தில் கல்லுக்காலும் கம்பியும் நிற்கின்றன. ஆதண்டையும் விழுதியும் சங்கஞ்செடியும் அதோடு போய்விடும். சாதாரண நர்சரிகளில் அவற்றை வாங்கி நடுவது எளிதல்ல. குளக்கரையைத் ‘தூய்மை’ செய்கிறோம் என்று களைக்கொல்லி அடித்தாலும் இதே கதிதான். சாமளாபுரம், சோமனூர், மங்கலம் பக்கத்தில் காடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கம்பிவேலி போடுங்கள், ஆனால் பழைய வேலியில் ஒரு பக்கத்தையாவது அப்படியே விட்டுவிடுங்கள். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், விழுதியையும் ஆதண்டையையும் வரப்போரத்தில் கொஞ்சமாவது வளரவைத்துவிட்டுப் பிடுங்குங்கள்.